தீர்ப்பை மாற்றிய வைத்தியர்

அரசியல் மேடைகளில் ஒருவரை இகழ வேண்டுமானால் அவருக்கு முதுகெலும்பு இல்லை என்று சொல்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அதிகாரத்தின் முன் வளைகிறவனையும், கொள்கையை விலை பேசுகிறவனையும் அவ்வாறு அழைக்கிறோம். ஆனால் உண்மையாகவே முதுகெலும்பு முறிந்தவர்கள் நம் நடுவே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பனையேறும்போது கால் வழுவி விழுந்தவர், கிணறு வெட்டும்போது சரிந்த மண்ணிற் சிக்கியவர், சாலையில் வண்டி மோதிக் கிடந்தவர், யுத்த களத்தில் குண்டடிபட்டவர் ஆகிய இவர்களுடைய தைரியத்தைப் பற்றி எந்த மேடையிலும் பேசுவாரில்லை. இவர்களுடைய கதியை மாற்றுவதற்காகவே ஒரு மனிதர் தமது வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். முதுகெலும்பு என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் இரு பொருள்களும் அவருடைய வாழ்க்கையில் ஒன்று சேர்ந்தன. அவர்தாம் டாக்டர் லுட்விக் குட்மன். அவருடைய சரித்திரத்தை நமது நேயர்கள் அறிந்திருத்தல் அவசியமென்று கருதி ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

சரித்திரத்தைத் தொடங்குமுன் நோயின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. சிறு சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தூண். அத்தூணின் நடுவே தண்டுவடம் ஓடுகிறது. மூளையின் கட்டளைகளைக் கைகால்களுக்குக் கொண்டு செல்வதும், உடம்பின் செய்திகளை மூளைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. எலும்பு முறிந்தால் கூடும். தண்டுவடம் அறுபட்டால் கூடுவதில்லை. அறுபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. மலஜலம் கழிவதும் மனிதனுடைய வசத்தில் இல்லை. எகிப்து தேசத்தில் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு வைத்திய ஏடு, கழுத்தெலும்பு முறிந்து கைகால் உணர்விழந்தவனைப் பற்றிப் பேசுமிடத்து, இது வைத்தியன் தொடத் தகாத நோயென்று கூறி முடிக்கிறது. அன்று எழுதப்பட்ட அத்தீர்ப்பு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் ஏறக்குறைய அப்படியே நின்றது. 1914-ம் வருஷத்து மகாயுத்தத்தில் தண்டுவடம் அறுபட்ட சிப்பாய்களில் ஐந்தில் நான்கு பேர் சில வாரங்களிலோ சில வருஷங்களிலோ மாண்டு போனார்கள். எஞ்சியவர்கள் தீராப் பிணியாளர் விடுதிகளின் மூலைகளில் மரணத்தை எதிர்பார்த்துக் கிடந்தார்கள்.

குட்மன் 1899-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி, அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்ததும் இப்போது போலந்தைச் சேர்ந்ததுமான மேல் ஸிலேஸியாவில், டோஸ்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவர் வளர்ந்தது நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த கோனிக்ஸ்ஹூட்டெ நகரில். 1917-ல், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞராக, அந்நகரத்தில் விபத்துக்குள்ளானவர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் தொண்டராகச் சேர்ந்தார். ஒரு நாள் வாட்டசாட்டமான ஓர் இளஞ் சுரங்கத் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். அவனுடைய முதுகெலும்பு முறிந்திருந்தது, கால்கள் அசையவில்லை. அவனை மற்ற நோயாளிகளிடமிருந்து பிரித்து, திரை மறைவில் கிடத்தினார்கள். குட்மன் நோயாளியின் நிலைமையைக் குறித்துக்கொள்ள முற்பட்டபோது, அந்தச் சிரமம் வேண்டாமென்றும், இவன் சில வாரங்களில் இறந்துவிடுவானென்றும் பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்கள் சொன்னபடியே ஐந்து வாரங்களில் அத்தொழிலாளி இறந்தான்.

அவனைக் கொன்றது எது? முறிந்த எலும்பு அன்று. அறுபட்ட தண்டுவடமும் நேராகக் கொல்லவில்லை. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாக மணிக்கணக்கில் கிடக்கும்போது, எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கிய தசைக்கு இரத்தம் செல்வதில்லை. அவ்விடம் கன்றி, புண்ணாகி, எலும்பு வரையில் அழுகுகிறது. நோயாளிக்கு வலி தெரியாததால் புரண்டு படுக்க வேண்டுமென்ற எண்ணமே உண்டாவதில்லை. மற்றொரு பக்கம், தானாகக் கழியாத மூத்திரம் பையிலே தேங்கி, விஷக் கிருமிகள் பெருகி, சிறுநீரகங்களைக் கெடுத்து, இரத்தம் முழுவதையும் நஞ்சாக்குகிறது. இவ்விரண்டு வாயில்களாலேயே மரணம் நுழைந்தது. இரண்டும் காவல் போடக்கூடிய வாயில்கள். ஆனால் சாகப் போகிறவனுக்குக் காவல் எதற்கென்று விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டதனால் அவன் செத்தான்; செத்ததனால், விட்டுவிட்டது சரியே என்று நிரூபணமாயிற்று. விசாரணையின்றித் தண்டனை விதித்துவிட்டு, தண்டனை நிறைவேறியதையே குற்றத்திற்குச் சாட்சியமாகக் காட்டுகிற நியாயஸ்தலத்தை நாம் ஒப்புக்கொள்வோமா? வைத்திய உலகத்தில் இது பல தலைமுறைகளாக நடந்து வந்தது. படித்தவர்களும் நல்லவர்களுமே இதை நடத்தி வந்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அந்தத் தொழிலாளியின் முகத்தைக் குட்மன் தமது ஆயுள் முழுதும் மறக்கவில்லை. ஆயினும் உடனே அவரால் ஒன்றும் செய்யக்கூடவில்லை. 1918-ல் பிரெஸ்லா நகரில் வைத்தியப் படிப்பைத் தொடங்கி, 1924-ல் ஃப்ரைபுர்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பிரெஸ்லாவுக்குத் திரும்பி, நரம்பு வைத்தியத்தில் உலகப் புகழ் பெற்றவரும், லெனின் நோய்வாய்ப்பட்டிருந்தபோது அவருக்குச் சிகிச்சை செய்தவருமான ஓட்ஃப்ரிட் பொயர்ஸ்டர் என்பவரிடம் உதவியாளராக அமர்ந்தார். விடியற்காலை முதல் இரவு வரையில் ஓயாமல் உழைக்கும் குரு அவர். சீடரும் அவ்வுழைப்பில் குறைந்தவரல்லர். சில வருஷங்களில் குட்மன் ஜெர்மனியின் முன்னணி நரம்பு வைத்தியர்களில் ஒருவராக எண்ணப்பட்டார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர்கள் சர்க்கார் உத்தியோகங்களினின்றும் பொது ஆஸ்பத்திரிகளினின்றும் நீக்கப்பட்டார்கள். குட்மனும் நீக்கப்பட்டார். பிரெஸ்லாவில் யூதர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில் அவர் இடம் பெற்று, 1937-ல் அதன் தலைமை வைத்தியரானார். மறு வருஷம் நவம்பர் 9-ந் தேதி இரவு, தேசமெங்கும் யூதர்களுடைய கோயில்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆண்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொண்டு போகப்பட்டார்கள். அன்றிரவு ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டி வருகிற எவரையும், என்ன நோயென்று கேளாமல் சேர்த்துக்கொள்ளும்படி குட்மன் உத்தரவிட்டார். விடிவதற்குள் 64 பேர் சேர்ந்துவிட்டார்கள். காலையில் கெஸ்டபோ என்னும் ரகசியப் போலீஸார் வந்து, ஓரிரவில் இத்தனை நோயாளிகள் எங்கிருந்து முளைத்தார்களென்று விளக்கம் கேட்டனர். குட்மன் அவர்களை ஒவ்வொரு கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி வாதாடினார். 60 பேர் தப்பினார்கள். கக்ஷிக்காரர்களுக்கு அவர் சொன்ன நோய்களில் பல, அந்த இரவிலே அவர் உண்டாக்கியவை. அந்தப் பொய்களுக்காக அவரைக் குறை கூறும் நீதிபதி உலகத்தில் இருக்கமாட்டார்.

அடுத்த மாதத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. போர்த்துக்கல் தேசத்தின் சர்வாதிகாரியான ஸலஸாரின் நண்பர் ஒருவர் நோயுற்றார். யூதர்களின் பிரயாண அனுமதியைப் பறித்துவைத்திருந்த அதே ஜெர்மன் சர்க்கார், அந்நண்பருக்குச் சிகிச்சை செய்வதற்காகக் குட்மனை அனுப்பிவைத்தது. திரும்பும் வழியில் லண்டனில் இறங்கி, நாடிழந்த அறிஞர்களுக்கு உதவும் சங்கத்தாரின் துணையால் இங்கிலாந்தில் குடியேற வழி செய்துகொண்டார். 1939 மார்ச் மாதத்தில் மனைவி எல்ஸேயுடனும் இரு குழந்தைகளுடனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். நாற்பதாவது வயதை நெருங்கிக் கொண்டிருந்த அவர், உத்தியோகத்தையும், உடைமைகளையும், தாய்மொழியையும் பின்னே விட்டு வந்தார்.

ஆக்ஸ்போர்ட் நகரில் அவருக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. நோயாளிகளைத் தமது சொந்தப் பொறுப்பில் ஏற்று நடத்தும் உரிமை கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கண்ட கைகள், நரம்பு எவ்வாறு மீண்டும் வளருகிறதென்பதை முயல்களிடத்தில் ஆராய்ந்து கொண்டிருந்தன. நான்கு வருஷங்கள் இவ்வாறு சென்றன. 1943-ல், ஐரோப்பியக் கரையில் படைகளை இறக்குவதற்குப் பிரிட்டிஷ் சர்க்கார் ஆயத்தம் செய்து வந்தபோது, முதுகில் காயம்பட்ட சிப்பாய்கள் திரளாக வரப்போகிறார்களே, அவர்களை எங்கே வைப்பதென்ற கேள்வி எழுந்தது. பெயர் பெற்ற வைத்தியர்கள் யாரும் விரும்பி ஏற்கும் வேலையன்று அது. குட்மனைக் கேட்டார்கள். அவர் ஒரே நிபந்தனை விதித்தார்: தம்முடைய முறையில், பிறர் குறுக்கீடின்றி, தாமே நடத்த வேண்டும். அகதியாக வந்து, அன்னியர் தயவில் வாழ்ந்த ஒருவர் இவ்வாறு நிபந்தனை விதித்தது சிறிய காரியமன்று. சர்க்கார் இணங்கியது.

1944-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி, லண்டனுக்கு வடமேற்கே எயில்ஸ்பரி என்னும் ஊருக்கருகில், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு திறக்கப்பட்டது. சுமார் 25 படுக்கைகள். முதல் நாளில் ஒரே நோயாளி. விரைவில் மற்றவர்கள் வந்தார்கள். பலர் கழுத்து முதல் தொடை வரையில் மாவுக்கட்டுக்குள் அடைக்கப்பட்டு வந்தார்கள். கட்டைப் பிரித்தபோது உள்ளே சதை அழுகிக் கிடந்தது. குட்மன் மாவுக்கட்டுகளை ஒழித்தார். தலையணைகளை இடம் பார்த்து அடுக்கி, உடம்பின் பாரம் ஒரே இடத்தில் தங்காதபடி செய்தார். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணிக்கு ஒரு முறை, பகலென்றும் இரவென்றும் பாராமல், புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்று உத்தரவிட்டார். ஒரு நாளைக்கு 12 முறை; மாதத்துக்கு 360 முறை. நள்ளிரவுக்குப் பின் முன்னறிவிப்பின்றி வந்து நின்று, உத்தரவு நிறைவேறுகிறதா என்று தாமே பார்ப்பார். மூத்திரத்தைக் குழாயினால் எடுக்கும் காரியத்தைத் தாதிகளிடமோ பரிசாரகர்களிடமோ விடாமல், கிருமி தீண்டாத முறையில் வைத்தியர்களே செய்யும்படி ஏற்பாடு செய்தார். இழந்த இரத்தத்தை ஏற்றினார். புஷ்டியான உணவு கொடுத்தார். அக்காலத்தில் புதிதாக வந்திருந்த பென்ஸிலினும் துணை செய்தது. புண்கள் ஆறின. காய்ச்சல்கள் தணிந்தன. சாக வேண்டியவர்கள் சாகவில்லை.

இதில் மந்திரம் எங்கே இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். மந்திரம் இல்லை, நுட்பமான ரணசிகிச்சையும் இல்லை. இரண்டு மணிக்கு ஒரு முறை ஒரு மனிதனைப் புரட்டுவதற்கு உலகத்தின் எந்த ஆஸ்பத்திரியிலும் கைகள் இருந்தன. அவன் பிழைப்பான் என்ற நம்பிக்கைதான் இல்லாமலிருந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் அந்த வேலை வீண் வேலையாகத் தோன்றியது. குட்மன் கொண்டுவந்த புதுமை, நம்பிக்கையை ஒரு நித்திய நியமமாக, கடிகாரத்தின் முள்ளோடு கட்டிவைத்ததேயாம்.

உயிரைக் காத்துவிட்டால் போதுமா? போதாதென்று அவர் கண்டார். இருபது வயதுள்ள ஒரு சிப்பாய், இனி நடக்க முடியாதென்று அறிந்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். உலகம் அவனிடம் இரக்கம் காட்டும். அந்த இரக்கமே அவனைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொன்றுவிடும். ஆதலால் குட்மன் இரக்கத்திற்கு இடங் கொடுக்கவில்லை. காலையில் எழுப்பி, கண்ணாடிக்கு முன் உட்கார வைத்து, உணர்வில்லாத இடுப்பின்மேல் உணர்வுள்ள தோள்களை எவ்வாறு நிறுத்துவதென்று பழக்கினார். இடுப்பின் உணர்வு செய்ய வேண்டிய வேலையைக் கண்கள் செய்தன. கைகளையும் தோள்களையும் வலுப்படுத்தி, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து வண்டிக்கும் தாமே மாறக் கற்பித்தார். தம் தோலைத் தாமே கண்ணாடியில் பார்த்துப் புண் தோன்றுகிறதா என்று சோதிப்பதும், நாற்காலியில் அமர்ந்தபடியே அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக் கொள்வதும் அவர்களுடைய நித்திய கருமங்களாயின. ஆஸ்பத்திரிக்குள்ளேயே தச்சுவேலை, கடிகாரம் பழுது பார்த்தல், டைப் அடித்தல் முதலிய தொழில்கள் தொடங்கப்பட்டன. படுத்த படுக்கையாக இருந்தவர்களையும் வேலை செய்யச் சொன்னார். அவர்களில் சிலர் முதலில் அவரை வெறுத்தார்கள், கொடுங்கோலனென்று முணுமுணுத்தார்கள். பிற்பாடு அதே மனிதர்கள், தந்தை என்று பொருள்படும் ஒரு செல்லப் பெயரால் அவரை அழைத்தார்கள்.

அவர் கருதிய இலக்கு யாதெனில், தம்மிடம் வருகிற நோயாளி திரும்பிப் போய், சம்பாதித்து, சர்க்காருக்கு வரி செலுத்தும் பிரஜையாக வேண்டும் என்பதே. வரி கொடுப்பதை யாரும் பாக்கியமாக எண்ணுவதில்லை. ஆனால் தர்மச் சோற்றில் வாழும்படி விதிக்கப்பட்டவனுக்கு, வரி கேட்டு வரும் கடிதம் மற்றவர்களோடு தானும் சமமென்பதற்கு எழுத்து மூலமான அத்தாட்சியாகும். பிரஜா உரிமையைப் பறிகொடுத்து வந்தவராகையால், பிரஜையாக இருப்பதன் மதிப்பைக் குட்மன் நன்கு அறிந்திருந்தார் போலும்.

விளையாட்டு இந்த முயற்சியில் தற்செயலாகவே புகுந்தது. நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் அமர்ந்தபடி, கைத்தடிகளைக் கொண்டு ஒரு வில்லையை அடித்துத் துரத்தி விளையாடுவதைக் குட்மன் கண்டார். தாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்து கலந்துகொண்டார். உடற்பயிற்சியினால் வரும் பலன் அத்தனையும் இதில் வருகிறது. கூடவே, போட்டியிடும் மனிதன் தன் நோயை மறக்கிறான் என்பதை உணர்ந்தார். அந்த ஆட்டம் முரட்டுத்தனமாகப் போய்விட்டதால் அதை விடுத்து, கூடைப்பந்தையும் வில்வித்தையையும் பழக்கினார். வில்வித்தை தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. அன்றியும், வில்லைப் பிடித்தவன் நின்றாலென்ன, அமர்ந்தாலென்ன, அம்பு ஒன்றுதான். நடக்கிறவனோடு நடக்க முடியாதவன் சமமாக நின்று வெல்லக்கூடிய வித்தை அது.

1948-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் ஆரம்பமாயின. சுதந்திரம் பெற்ற இந்தியா தன் சொந்தக் கொடியின்கீழ் முதன்முதலாக அணிவகுத்ததும், ஹாக்கியில் பிரிட்டனையே தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றதும் அந்தப் பந்தயங்களிலேதான். அதே ஜூலை 29-ந் தேதி, ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியின் புல்வெளியில், 14 ஆண்களும் 2 பெண்களுமாக 16 பேர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். உலகம் அதைக் கவனிக்கவில்லை. குட்மன் மாத்திரம், ஒரு நாள் இதுவும் சகல தேசத்தாரும் கூடும் பந்தயமாகுமென்று சொல்லி வந்தார். 1952-ல் ஹாலந்து தேசத்தார் வந்து கலந்துகொள்ளவே அது சர்வதேசப் பந்தயமாயிற்று. 1960-ல் ரோமாபுரியில், ஒலிம்பிக் நடந்த அதே நகரத்தில், 23 தேசங்களிலிருந்து சுமார் 400 பேர் கூடினார்கள். பாராலிம்பிக் என்று இன்று வழங்கும் பந்தயங்களில் அதுவே முதலாவதாக எண்ணப்படுகிறது. 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பந்தயத்தில், 1965-ம் வருஷத்து யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து ஊனமுற்ற முரளிகாந்த் பெட்கர் என்னும் இந்தியச் சிப்பாய் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றார். 2024-ல் பாரிஸில் 4,000-க்கு மேற்பட்டவர்கள் கூடிய பந்தயத்துக்கு, ஜோதி ஏற்றப்பட்ட இடம் அந்தப் பழைய ஸ்டோக் மாண்டவில்லே.

இவற்றையெல்லாம் கேட்டு, குட்மன் முறிந்த முதுகைக் குணப்படுத்திவிட்டார் என்று யாரும் மயங்கலாகாது. அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. முற்றிலும் அறுபட்ட தண்டுவடத்தை மறுபடி ஒட்டவைக்கும் வித்தை இன்றும் கைவரவில்லை. ஓரளவே சிதைந்த தண்டுவடம் சில மாதங்களில் சிறிது சிறிதாகத் தேறுவதுண்டு; சிலர் மறுபடி நடப்பதும் உண்டு. பலர் நடப்பதில்லை. நடவாதவன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டான் என்று எப்போது சொல்லலாம்? கால் அசைந்தால்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். தன் வீட்டில், தன் குடும்பத்தோடு, தன் தொழிலைச் செய்து, தன் கருத்தைச் சொல்லி, தன் சண்டைகளையும் தானே போட்டுக்கொண்டு வாழ்ந்தால் அவன் திரும்பிவிட்டான் என்று குட்மன் சாதித்துக் காட்டினார். இந்த ஒரு கருத்தை மாற்றியதே அவருடைய பெரிய வெற்றி.

நியாயத்தை உத்தேசித்து மற்றொன்றும் சொல்ல வேண்டும். குட்மன் ஒருவரே இவ்வழியில் முதலில் கால் வைத்தவர் அல்லர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் டானல்ட் மன்ரோ என்னும் வைத்தியர் 1936-லேயே இத்தகைய நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தார். ஆனால் படுக்கை முதல் பட்டறை வரையில், பட்டறை முதல் பந்தயக் களம் வரையில், எல்லாவற்றையும் ஒரே ஏற்பாடாக்கி, உலகத்து வைத்தியர்களை வரவழைத்துக் கற்பித்து, ஊருக்கூர் பரவச் செய்தவர் குட்மனே. 1945-ல் அவர் பிரிட்டிஷ் பிரஜையானார். 1966-ல் ஸர் பட்டம் பெற்றார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல் எழுதியும் பிரயாணஞ் செய்தும் வந்து, 1980-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, தமது 80-வது வயதில் காலமானார். முன்கோபியென்றும், பிடிவாதக்காரரென்றும், தம் சொல்லுக்கு எதிர்ச்சொல் பொறாதவரென்றும் உடனிருந்தவர்கள் கூறியதுண்டு. பிடிவாதமில்லாதவர் அந்த வேலையைச் செய்திருக்க முடியாதென்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

நமது நாட்டிலும் இத்தீர்ப்பை எதிர்த்தவர்கள் தோன்றினார்கள். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கமளிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை ரணசிகிச்சையால் சீர்ப்படுத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரில் பயிற்சி பெற்று, நியூயார்க் சென்று புனர்வாழ்வு வைத்தியம் கற்றுத் திரும்பி, வேலூரிலேயே அத்துறையின் தலைமையை ஏற்றார். முதுகு முறிந்தவர்கள் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான நிலையம் 1966-ல் அங்கே அமைந்தது. அவர் 1986-ல் மறைந்தார். அந்நிலையம் அவர் பெயரால் வழங்குகிறது. 1975-ல் கடற்படை அதிகாரிகளின் தேர்வில் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். இவ்விருவரும் நோயாளியின் நாற்காலியிலேயே தலைவரின் நாற்காலியையும் கண்டவர்கள்.

எனினும் நோயாளி தன் பங்கைச் செய்துவிட்டான் என்பதனால் ஊர் தன் பங்கைச் செய்துவிட்டதாக ஆகாது. நமது கிராமங்களில் மரத்திலிருந்து விழுந்தவனைத் தலையை ஒருவரும் காலை ஒருவருமாகப் பிடித்து, மூட்டையைப் போல் மடக்கித் தூக்கி வண்டியில் போடுகிறார்கள். முறிந்த எலும்பு அசைந்து, அதுவரையில் அறுபடாதிருந்த தண்டுவடத்தையும் அப்போது அறுத்துவிடக்கூடும். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி, பலர் சேர்ந்து, ஒரு பலகையின்மேல் வைத்துத் தூக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஊரிலும் நான்கு இளைஞர்களுக்காவது தெரிந்திருந்தால் எத்தனையோ கால்கள் பிழைக்கும். வீட்டிலே படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டுமென்பதைத் தாயும் மனைவியும் அறிந்திருந்தால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும். இதற்குப் பணம் வேண்டாம். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

சட்டத்தின் விஷயமும் ஒன்று உண்டு. ஊனமுற்றோரின் உரிமைகளைக் குறித்து 2016-ல் இந்தியப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. பொதுக் கட்டடங்கள் அவர்களும் வந்து போகும்படி இருக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் கட்டளைகளுள் ஒன்று. சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட உரிமை, வாசற்படியில் ஏற மாட்டாமல் நிற்பதை நாம் எத்தனையோ கச்சேரிகளில் காணலாம். நான்கு படிகளுக்கு மேலே நீதி இருக்குமானால், சக்கர நாற்காலியில் வருகிறவனுக்கு அந்த நீதி மறுக்கப்பட்டதேயாகும். சர்க்காரைக் கேட்பதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நமது சங்கங்களின் காரியாலயங்கள் எத்தனை மாடிப்படிகளின்மேல் இருக்கின்றன? நாம் கூட்டும் பொதுக்கூட்டங்களில், முதுகு முறிந்த ஒரு தொழிலாளி வந்து முன் வரிசையில் அமர வழி உண்டா? அவன் பேச விரும்பினால் மேடைக்கு ஏறச் சரிவுப் பாதை உண்டா?

தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நேயர்கள் இக்கேள்விகளைத் தத்தம் ஊர்களில் இன்றே எழுப்புவார்களாக. கோனிக்ஸ்ஹூட்டெ ஆஸ்பத்திரியில் திரை மறைவில் கிடத்தப்பட்ட தொழிலாளியைப் போல், நமது வீடுகளின் பின்கட்டுகளில் இன்றும் எத்தனையோ பேர் கிடக்கிறார்கள். அவர்கள் எழுந்து நடக்க மாட்டார்கள் என்பது உண்மையாயிருக்கலாம். அவர்கள் வெளியே வர மாட்டார்கள் என்பது நாம் விதித்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் நம்மிடமே இருக்கிறது.